பந்து இல்லாதவன் ஓட வேண்டும்
(கால்பந்துப் பயிற்சியாளர் ரஹீம் சாஹிப் வாழ்க்கை)



நம்ம ஊர் மலரில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு என்றால், பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே டாக்டர் ராதாகிருஷ்ணன் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவீர்கள். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் கல்லூரியில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் மெஷின்களோடு மல்லுக்கட்டும் பொறியாளன். நான் எடுத்துக்கொண்டவர் ஐதராபாத்தில் பிறந்து, ஐதராபாத்திலேயே பள்ளி வாத்தியாராக வாழ்ந்து மறைந்த ஒரு கால்பந்து கோச். பெயர் சையத் அப்துல் ரஹீம். ஆட்டக்காரர்களுக்கு அவர் ரஹீம் சாஹிப்.

திருத்தணிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டு சம்பந்தம் சொல்கிறேன்.

முதலாவது, நம் தாத்தாக்கள் காலத்து விஷயம். 1953-ல் ஆந்திரா தனி மாநிலம் ஆனபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. அவர்களின் வடக்கெல்லைப் போராட்டம் நமக்குத் தெரிந்ததுதான். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நாம் சென்னை மாநிலத்துக்குத் திரும்பினோம். நடுவில், 1956 நவம்பர் 1-ஆம் தேதி ஆந்திரப் பிரதேசம் உருவானதிலிருந்து நமக்குத் தலைநகரம் ஐதராபாத். சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1-ஆம் தேதி, ரஹீம் சாஹிபின் இந்திய அணி மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தது. அன்றைய தேதியில் அவரும் நாமும் ஒரே மாநிலத்துக்காரர்கள்.

இரண்டாவது சம்பந்தம் இன்னும் அழகானது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாத்தியார் ரஹீம்

1909 ஆகஸ்டு 17-ஆம் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். நிஜாம் ஆட்சிக் காலம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கினார். படிக்கும்போது பல்கலைக்கழக அணியில் ஆடினார். பிறகு லெவன் ஹன்டர்ஸ் என்ற கிளப்பிலும் ஆடினார். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அவர் பெயர் நிலைத்தது ஆடியதால் இல்லை, ஆடக் கற்றுக்கொடுத்ததால்.

தொழில் ஆசிரியர் தொழில். காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி என்று ஐதராபாத்தின் பல பள்ளிகளில் வேலை பார்த்தார். நடுவில் உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து, பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். நம்ம ஊர்ப் பள்ளிகளில் கழுத்தில் விசிலோடு, கையில் பிரம்போடு ஒரு பி.டி. மாஸ்டர் இருப்பாரே, வேலையைப் பொறுத்தவரை அவரும் அப்படி ஒருவர்தான்.

1943-ல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950-ல் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குக் கோச் ஆனார். அதையும் கடைசிவரை விடவில்லை. அதே 1950-லிருந்து இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார், ஊர்ச் சங்கச் செயலாளர், போலீஸ் அணிக் கோச், நாட்டு அணிக் கோச். இத்தனையும் ஒரே மனிதர். எதைச் செய்தாலும் வாத்தியாராகவே செய்தார் என்பதுதான் விசேஷம்.

டிரிப்ளிங் கூடாது என்று ஒரு டோர்னமென்ட்

அன்றைக்கு இந்தியக் கால்பந்து எப்படி இருந்தது என்று பார்க்கணும். பூட்ஸ் போடாமல் வெறுங்காலில் ஆடுவதுதான் வழக்கம். 1911-ல் மோகன் பகான் அணி வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை ஜெயித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கியது முதல் வெறுங்கால் என்பது ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. ஆட்டமும் தனி ஆள் வித்தை. பந்து கிடைத்தவன் நாலு பேரை வளைத்து வளைத்து ஏமாற்றிக்கொண்டு போவான். கூட்டம் கைதட்டும். ஐந்தாவது ஆள் பந்தைப் பிடுங்கிக்கொள்வான். கூட்டம் உச்சுக்கொட்டும். கூட ஆடுகிற மற்ற பத்துப் பேரும் கூட்டத்தோடு சேர்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

ரஹீம் சாஹிபுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவர் மேடை ஏறிப் பேசவில்லை. இரண்டு விதமான போட்டிகளை நடத்தினார். ஒன்றில் டிரிப்ளிங்கே கூடாது. பந்து வந்ததும் தட்டிவிட வேண்டியதுதான், உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது. இன்னொன்றில், எந்தக் கால் பலவீனமோ அந்தக் காலால் மட்டும்தான் ஆட வேண்டும். வலதுகால் பழக்கம் உள்ளவன் ஆட்டம் முழுக்க இடது காலால் உதைக்கணும்.

பார்க்க வேடிக்கையாக இருக்கும். யோசித்துப் பாருங்கள், இதில் எவ்வளவு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது. டிரிப்ளிங் கூடாது என்று சொன்ன உடனே, பந்து வைத்திருப்பவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். யாருக்காவது கொடுத்தே ஆகணும். கொடுக்க ஆள் வேண்டுமே? அப்போது மற்றவர்கள் தானாக ஓட ஆரம்பிப்பார்கள். ஒருவன் கிட்டே வருவான், இன்னொருவன் பக்கவாட்டில் விலகுவான், மூன்றாமவன் முன்னால் காலி இடத்துக்குப் போவான். பந்து வைத்திருப்பவனுக்குப் போட்ட தடை, பந்து இல்லாதவனை ஓட வைத்தது. ஒரு வரி உபதேசம் இல்லாமல், விதியை மட்டும் மாற்றிப் பழக்கத்தை மாற்றினார். பொறியாளன் என்ற முறையில் நான் அவருக்குத் தலைவணங்குவது இந்த இடத்தில்தான்.

கொஞ்சம் கணக்கு

கலைப்பிரிவு நண்பர்கள் பயப்பட வேண்டாம், இரண்டே பத்திதான்.

ஒருவன் பந்தை உதைக்கும்போது திசையில் 3 டிகிரி பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தூரத்தில் நிற்பவனுக்குப் பந்து அரை மீட்டர் தள்ளிப் போகும். காலை நீட்டினால் எடுத்துவிடலாம். 40 மீட்டர் தூரத்தில் நிற்பவனுக்கு அதே 3 டிகிரி, 2 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். பந்து எதிரிக்குத்தான்.

அடுத்தது நேரம். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பந்து போனால் 10 மீட்டரைக் கடக்க முக்கால் விநாடிகூட ஆகாது. 40 மீட்டருக்கு இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். விநாடிக்கு 6 மீட்டர் ஓடும் எதிர் ஆட்டக்காரன் முதல் கணக்கில் 4 மீட்டர் நகர்வான், இரண்டாவது கணக்கில் 16 மீட்டர் ஓடி வந்து குறுக்கே நிற்பான். இதனால்தான் குட்டி பாஸ். ஆனால் குட்டி பாஸ் கொடுக்க, பத்து மீட்டருக்குள் எப்போதும் இரண்டு பேராவது தயாராக இருக்கணும். பந்து கொடுப்பவன், வாங்க வருகிற இரண்டு பேர், மூவரையும் கோடு போட்டுச் சேர்த்தால் ஒரு முக்கோணம். பந்து நகர நகர முக்கோணமும் நகரணும். உதைப்பதைவிட நகர்வதில்தான் வேலை அதிகம்.

வேலை விஷயமாக நான் ஒன்றரை வருஷம் அமெரிக்காவில் இருந்தேன். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, ஓடிப் பிடிக்கிற ஆட்டம். நாலு வாய்ப்பில் பத்து கஜம் முன்னேறணும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்து பிடிக்க ஓடுகிறவனை ரிசீவர் என்பார்கள். அவன் ஓட வேண்டிய பாதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்தது. ஐந்தாறு கஜம் நேராக ஓடிச் சட்டென்று உள்பக்கம் வெட்டித் திரும்பணும், அல்லது நின்று திரும்பணும். அவன் திரும்புவதற்கு முன்பே பந்து காற்றில் கிளம்பிவிடும். ஓட்டம் ஒரு காலடி குறைந்தாலும் கூடினாலும் பந்து தரையில்தான். பில் வால்ஷ் என்ற கோச் இந்தக் குட்டி பாஸ் முறையை வைத்து 1979 முதல் 1988 வரை சான் பிரான்சிஸ்கோ அணியை நடத்தி மூன்று முறை சாம்பியன் ஆக்கினார். அங்கே அதை ஆட்டத்தின் பெரிய திருப்பமாகச் சொல்கிறார்கள். ஆட்டம் வேறு, பந்து வேறு, கை வேறு, கால் வேறு. ஆனால் அடிப்படை ஒன்றுதான். எறிகிறவனைவிட, வாங்கப் போகிறவன் சரியான நேரத்துக்குச் சரியான இடத்தில் இருப்பதுதான் முக்கியம். அந்தப் பாடத்தை அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே நம்ம பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

போலீஸ்காரர்களின் காலம்

முறை சரியா தப்பா என்பதற்குக் கோப்பைகள் சாட்சி. பம்பாயில் அப்போது நடந்த ரோவர்ஸ் கோப்பையை ஐதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் வாங்கியது. டூரண்ட் கோப்பையும் அவர் காலத்தில் பலமுறை வந்தது. 1956-57, 1957-58 இரண்டு வருஷமும் சந்தோஷ் டிராபி ஐதராபாத்துக்கே. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்த காலத்தில், கான்ஸ்டபிள்களை வைத்துக்கொண்டு அவர்களைத் தோற்கடித்தார்.

ஆள் ரொம்பக் கண்டிப்பு. நேரத்துக்கு வராதவனுக்கு இடம் இல்லை. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் பயிற்சியில் எல்லோரும் ஒன்றுதான். அதே மனிதரின் இன்னொரு பக்கத்தைத் துளசிதாஸ் பலராம் கதையில் பார்க்கலாம்.

பலராம் செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற கிராமத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வசதி கிடையாது. பையனின் ஆட்டத்தைப் பார்த்த ரஹீம் சாஹிப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அம்முகுடாவிலிருந்து ஐதராபாத் மைதானத்துக்கு தினமும் வந்து போகக் காசு இல்லை. ரஹீம் சாஹிப் சைக்கிள் வாடகைக்குத் தன் கையிலிருந்து காசு கொடுத்து வரவழைத்தார். அந்தப் பையன் 1956 மெல்போர்ன், 1960 ரோம் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கு ஆடினான். ரோமில் பலம் வாய்ந்த ஹங்கேரி அணிக்கு எதிராகக் கோல் போட்டான். 2023-ல் பலராம் மறைந்தபோது வந்த செய்திகளில் இந்தச் சைக்கிள் வாடகையும் சேர்ந்தே வந்தது. ஒரு வாத்தியார் கொடுத்த சில்லறைக் காசு எழுபது வருஷம் கழித்தும் செல்லுபடியாகிறது பாருங்கள்.

பத்து கோல் வாங்கிய நாள்

எல்லாம் வெற்றி என்று நினைக்க வேண்டாம். 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஃபைனலில் ஈரானை 1-0 என்று ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியது. மேவாலால் கோல் போட்டார். நாடே கொண்டாடியது. அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக். எதிரணி யுகோஸ்லாவியா. நம் ஆட்கள் பெரும்பாலோர் வெறுங்கால். குளிர், ஈரமான தரை. எதிரே முழங்கால் வரை சாக்ஸ், கட்டைப் பூட்ஸ் போட்ட ஐரோப்பியர்கள். முடிவு 10-1.

தோல்விக்கு ஆயிரம் சாக்கு சொல்லலாம். ரஹீம் சாஹிப் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். அகில இந்தியச் சம்மேளனம் அதற்குப் பிறகு பூட்ஸைக் கட்டாயம் ஆக்கியது. அவர் ஆட்ட அமைப்பையே மாற்ற ஆரம்பித்தார். 1953-ல் ஹங்கேரி அணி இங்கிலாந்தை அதன் சொந்த வெம்பிளி மைதானத்திலேயே 6-3 என்று தோற்கடித்தது. நடு ஃபார்வர்டைப் பின்னுக்கு இழுத்து, எதிரி டிஃபென்ஸைக் குழப்பி, குட்டி பாஸ்களால் உள்ளே நுழைகிற முறை அது. அந்தச் சிந்தனையை ரஹீம் சாஹிப் இந்தியக் கால்களுக்குத் தக்கபடி மாற்றினார். பின்னால் நாலு பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் நாலு பேர் என்கிற 4-2-4 அமைப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். உயரத்திலும் எடையிலும் ஐரோப்பியனோடு நம்மால் மோத முடியாது, பந்தை வேகமாக நகர்த்தினால் மோத வேண்டிய அவசியமே வராது என்பது அவர் கணக்கு.

நாலு வருஷத்தில் கணக்கு நேரானது. 1956 மெல்போர்னில் முதல் சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் நேராகக் காலிறுதி. ஆஸ்திரேலியா தன் சொந்த மண்ணில், சொந்தக் கூட்டத்தின் முன் 4-2 என்று தோற்றது. நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் மீண்டும் அதே யுகோஸ்லாவியா. பத்து கோல் போட்ட அதே நாட்டுக்கு எதிராக முதல் கோலைப் போட்டது இந்தியா! 52-வது நிமிஷம், மறுபடி டிசோசா. அதற்குப் பிறகு நாலு கோல் வாங்கி 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. ஆனாலும் நாலாவது இடம். ஒலிம்பிக் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு நாம்.

1960 ரோமில் கஷ்டமான குரூப். ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்று, பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்து, பெருவிடம் 3-1 என்று தோற்றுத் திரும்பினோம். நம்ம தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜும் அந்த அணியில் இருந்தார். ரஹீம் சாஹிபின் மகன் ஹக்கீமும் இருந்தார். இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அதுதான் கடைசி.

ஜகார்த்தா, 1962

இனி அவர் வாழ்க்கையின் பெரிய அத்தியாயம். ஆண்டுக்கணக்காகப் பிடித்த சிகரெட் நுரையீரலைத் தின்றுவிட்டது. புற்றுநோய். அந்த உடம்போடுதான் நாலாவது ஆசிய விளையாட்டுக்கு அணியைத் தயார் செய்தார். கேப்டன் சுனி கோஸ்வாமி. பி.கே. பானர்ஜி, பலராம், ஜர்னைல் சிங், அருண் கோஷ், யூசுப் கான், கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். தங்கராஜ் ஐதராபாத்தில் பிறந்து, வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் வளர்ந்த நம்ம ஆள்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தோம். ஆனால் டிஃபென்ஸின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று ஜெயித்தபோது அவர் இல்லை. அரையிறுதிக்கு வந்தார், ஆனால் டிஃபென்ஸில் இல்லை. ரஹீம் சாஹிப் அவரை ஃபார்வர்டாக அனுப்பினார்! தலையில் கட்டோடு ஒரு டிஃபென்டரை முன்னால் நிறுத்துவது பைத்தியக்காரத்தனம் என்று யாரும் சொல்லலாம். தென் வியட்நாமை 3-2 என்று ஜெயித்தோம், அதில் ஜர்னைலின் கோலும் ஒன்று.

ஃபைனல் செப்டம்பர் 4-ஆம் தேதி. மறுபடி தென் கொரியா. மைதானத்துக்கு வெளியே நிலைமை மோசம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா தரவில்லை. அதனால் இதை ஆசிய விளையாட்டு என்றே சொல்லக் கூடாது என்று இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் அதிகாரி சோந்தி ஆட்சேபித்திருந்தார். ஜகார்த்தாவில் கலவரம். முந்தைய நாள் இந்தியத் தூதரகத்தையே கூட்டம் தாக்கியது. ஃபைனலில் சுமார் ஒரு லட்சம் பேர் நம் அணிக்கு எதிராகக் கூச்சல். கைதட்டியவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள் என்று நம் வீரர்கள் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள்.

ரஹீம் சாஹிப் இரண்டு முடிவு எடுத்தார். ஜர்னைல் முன்னாலேயே இருக்கட்டும். காய்ச்சலால் அரையிறுதியில் ஆடாத தங்கராஜ் கோலுக்குத் திரும்பட்டும், கொரியர்களின் உயரமான பந்துகளுக்கு அவர் உயரம் வேண்டும். 17-வது நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20-வது நிமிஷம் ஜர்னைல் ஒரு கோல். கொரியாவால் 85-வது நிமிஷத்தில் ஒன்றைத்தான் திருப்பிப் போட முடிந்தது. 2-1. தங்கம்.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் சாஹிப் காலமானார். வயது 53.

அந்தத் தங்கத்துக்குப் பிறகு இந்தியா ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் வாங்கவில்லை. 1970-ல் பாங்காக்கில் ஒரு வெண்கலம், அவ்வளவுதான். அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவர் பெயரும் மெல்ல மறந்தது. 2024-ல் அஜய் தேவ்கன் நடிக்க, நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இசையில் மைதான் என்ற இந்திப் படம் வந்தபோதுதான், இப்படி ஒருவர் இருந்தாரா என்று புதுத் தலைமுறை கேட்டது.

ஏன் நின்றுபோனது? ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. மற்ற நாடுகள் வேகமாக முன்னேறின, நம் நிர்வாகம் தூங்கியது, கிரிக்கெட் வளர்ந்தது. எனக்குத் தோன்றுவது இன்னொன்று. ரஹீம் சாஹிப் போனதும் அவர் கொடுத்த பந்தை வாங்க, சரியான இடத்தில் ஆள் இல்லை. மற்றவர்களை ஓட வைத்த மனிதர் தனக்குப் பின்னால் ஓடி வர ஓர் ஏற்பாட்டை விட்டுச்செல்ல நேரம் கிடைக்காமலே போய்விட்டார். எவ்வளவு பெரிய திறமையாக இருந்தாலும், அடுத்த ஆள் தயாராக இல்லாவிட்டால் அதோடு நின்றுவிடும். ஆட்டத்துக்கு மட்டுமா இந்த விதி? தொழிற்சாலைக்கும் இதுதான், கல்லூரிக்கும் இதுதான், குடும்பத்துக்கும் இதுதான்.

அந்த இரண்டாவது சம்பந்தம்

1962 செப்டம்பர் 4-ஆம் தேதி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் அணி ஜகார்த்தாவில் தங்கம் வாங்கியது. மறுநாள் காலை என்ன நாள் தெரியுமா? 1962 செப்டம்பர் 5. அந்த வருஷம் மே மாதம்தான் நம்ம திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவர் ஆகியிருந்தார். அவர் பிறந்தநாளை இந்தியா முதன்முதலாக ஆசிரியர் தினமாகக் கொண்டாடிய நாள் அது. முதல் ஆசிரியர் தினத்துக்கு நாட்டுக்குக் கிடைத்த முதல் பரிசு, ஓர் ஆசிரியர் வாங்கிக்கொடுத்த தங்கம்! யாரும் திட்டம் போட்டு நடந்ததில்லை. ஆனால் திருத்தணிக்காரன் ஒவ்வொருவனும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இன்று பந்து உங்கள் காலில் இல்லாமல் இருக்கலாம். கேம்பஸ் இன்டர்வியூவில் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு வேலை கிடைத்து உங்களுக்குக் கிடைக்காமல் இருக்கலாம். அப்போது நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் யார் காலிலும் பந்து இருக்காது. காலி இடத்தைப் பார்த்து ஓடுங்கள். பலவீனமான காலைப் பழக்குங்கள். இங்கிலீஷ் வராதவர் இங்கிலீஷை, கணக்கு வராதவர் கணக்கை, கூச்சப்படுகிறவர் பேச்சை. ரஹீம் சாஹிபின் ஒற்றைக்கால் டோர்னமென்டைத் தனியாகவும் ஆடலாம்.

என் வயது நண்பர்களுக்கும் மூத்தவர்களுக்கும் இன்னொரு வார்த்தை. நம்மில் பலரிடம் இப்போது பந்து இருக்கிறது. நல்ல வேலை, சொந்த வீடு, நாலு பேரைத் தெரிந்துவைத்திருக்கிறோம். அதை உருட்டிக்கொண்டே தனியாக எவ்வளவு தூரம் போவது? பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, பொதட்டூர்பேட்டை பக்கமிருந்தும், எல்லை தாண்டி நகரியிலிருந்தும் படிக்க வருகிற பிள்ளைகள், சாயங்காலம் மைதானத்திலோ நூலகத்திலோ ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவார்கள். அதனால் மணி அடித்ததும் ஓடிவிடுகிறார்கள். அவர்களுக்குள் எத்தனை பலராம் இருக்கிறார்களோ. சங்கத்தின் ஆண்டுச் சந்தாவில் ஒரு பகுதியை இந்தப் பிள்ளைகளின் வழிச்செலவுக்கும், மாலையில் ஒரு வேன் ஏற்பாட்டுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் தீர்மானமாகவே கொண்டுவரப்போகிறேன். முதல் தவணையை நான் கட்டிவிடுகிறேன். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பெயருக்கு யோசிக்க வேண்டாம், சைக்கிள் வாடகை நிதி என்றே வைத்துக்கொள்ளலாம்.